கையை எடுத்துவிட்டால் காடு வந்துவிடுமா?

இயற்கையைக் காப்பது பற்றிப் பேச்செடுத்தாலே ஒரு வாதம் முந்திக்கொண்டு வரும்: ‘மனிதர்கள் ஒதுங்கிக்கொண்டால் போதும், காடு தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும்.’ கேட்பதற்கு அடக்கமான பேச்சு. மனிதச் செருக்கைக் கண்டிக்கும் தொனியும் அதில் இருப்பதால் எதிர்த்துப் பேச யாருக்கும் மனம் வருவதில்லை. ஆனால் இந்த வாதம் உண்மையிலேயே சோதனைக்குள்ளான இடம் ஒன்று உண்டு. நியூசிலாந்தில், ஆக்லாந்து நகருக்கு அருகே ஹவுராக்கி வளைகுடாவில் இருக்கும் டிரிடிரி மாடாங்கி என்ற 220 ஹெக்டேர் தீவு அது. அதையும் அந்நாட்டின் வேறு சில தீவுகளையும் வைத்து, வாதத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்க்கலாம்.

‘சும்மா விட்டால் தானாக வளரும்’ என்பது முதல் பகுதி. நூறாண்டுகளுக்கு மேல் நடந்த பண்ணைத் தொழிலும் மேய்ச்சலும் டிரிடிரியின் காட்டில் ஏறத்தாழ 94 விழுக்காட்டைத் தின்று தீர்த்திருந்தன. பள்ளங்களில் மட்டும் கொஞ்சம் மரங்கள் மிஞ்சின. 1971-இல் பண்ணைக் குத்தகை முடிந்தது, கால்நடைகள் போயின. காடு திரும்பும் என்று காத்திருந்தவர்கள் கண்டது புல்லையும் பெரணியையும்தான். அவை அடர்ந்து மூடிய நிலத்தில் விதை மண்ணைத் தொடவே வழியில்லை. தொட்டு முளைத்தாலும் வெளிச்சமில்லை. தப்பிய விதைகளையும் கியோரே என்ற எலி தின்றது. இந்த வேகத்தில் காடு திரும்ப எத்தனையோ தலைமுறை ஆகும் என்று கண்ட பிறகுதான், ஆக்லாந்து பல்கலைக்கழகச் சூழலியலாளர்கள் மரம் நடும் யோசனையை முன்வைத்தார்கள். 1984 முதல் 1994 வரையிலான பத்தாண்டுகளில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட கன்றுகள் நடப்பட்டன.

‘பொதுமக்களின் கால் பட்டால் கெட்டுவிடும்’ என்பது அடுத்தது. அந்தக் கன்றுகளை நட்டவர்களே பொதுமக்கள்தான். பள்ளிப் பிள்ளைகளும் ஓய்வுபெற்றவர்களும் குடும்பங்களும் படகேறி வந்து குழி தோண்டினார்கள். தீவின் கடைசிக் கலங்கரை விளக்கக் காவலரான ரே வால்டர் நாற்றங்காலுக்குப் பொறுப்பேற்றார். 1988-இல் ஆதரவாளர்கள் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தார்கள். இன்றும் பயணிகளுக்குத் தீவைச் சுற்றிக் காட்டுவது அந்தத் தன்னார்வலர்கள்தான். அதில் கிடைக்கும் வருமானம் தீவின் வேலைகளுக்கே போகிறது. கால் பட்டால் ஆபத்து உண்டு என்பதையும் நான் மறுக்கவில்லை. 2000-ஆம் ஆண்டில் அர்ஜென்டினா எறும்பு அங்கே நுழைந்தது தெரியவந்து, அதை ஒழிக்கப் பல ஆண்டுகள் பாடுபட வேண்டியிருந்தது. அதற்காகத் தீவு பூட்டப்படவில்லை. வருபவர்கள் பையைச் சோதித்துக்கொண்டு, செருப்பில் ஒட்டிய மண்ணையும் விதையையும் துடைத்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும்.

மூன்றாவது, ‘இது வல்லுநர் வேலை, ஆர்வலர் கையில் கொடுத்தால் பிழையாகும்’ என்பது. பிழை நடந்தது உண்மை. பொஹுடுகாவா மரத்தை முன்னோடியாக ஏராளமாக நட்டார்கள். அதன் நிழலில் மற்ற மரங்கள் எதிர்பார்த்தபடி எழவில்லை. பிறகு சில இடங்களில் அதை வெட்டிக் குறைக்க வேண்டியிருந்தது. ஆனால் எதை எங்கே நடுவது என்று வகுத்துக் கொடுத்தவர்கள் வல்லுநர்கள். தன்னார்வலர்கள் அதன்படி நட்டார்கள். பிழையைக் கண்டு திருத்த முடிந்ததும் ஆட்கள் தொடர்ந்து அங்கே இருந்ததால்தான். ஹிஹி பறவையின் கதையும் இதையே சொல்லும். 1995-இல் அதை இங்கே கொண்டுவந்து விட்டார்கள். அது முதுமரப் பொந்தில் கூடு வைக்கும் பறவை. இளங்காட்டில் பொந்துக்கு எங்கே போவது? கூட்டுப்பெட்டிகள் மாட்டினார்கள். பூந்தேன் போதாது என்று சர்க்கரைத் தண்ணீர் வைத்தார்கள். காலில் வளையமிட்டு ஒவ்வொரு பறவையையும் கணக்கில் வைத்தார்கள். ஆய்வாளரின் கேள்வியும் தன்னார்வலரின் அன்றாட உழைப்பும் சேர்ந்தே அந்த இனம் அங்கே நிலைத்தது. பின்னாளில் மவுங்கடவுடாரி மலைக்கும் புஷி பார்க் காட்டுக்கும் இங்கிருந்தே ஹிஹிகள் போயின.

நான்காவது, ‘எலியும் உயிர்தானே, சமநிலை தானாக வரும்’ என்பது. நியூசிலாந்தின் தென்கோடியில் உள்ள பிக் சவுத் கேப் தீவில் 1964-இல் கப்பல் எலிகள் பெருகியபோது, தலையிடத் தேவையில்லை என்று சொன்ன அறிவியலாளர்களும் இருந்தார்கள். சமநிலை வரவில்லை. அங்கே வாழ்ந்த ஓர் உள்ளான் இனமும் புதர் ரென் என்ற சிறு பறவையும் இன்று உலகிலேயே இல்லை. தென்தீவின் டியேக்கே பறவை பிழைத்தது, 36 பறவைகளைப் பிடித்து எலியில்லாத் தீவுகளுக்குக் கொண்டுபோனவர்களால். டிரிடிரியில் 1993-இல் வானிலிருந்து நஞ்சிட்டு கியோரேவை ஒழித்தார்கள். கொலை கொலைதான். உள்ளூர்ப் பறவைகளும் அதில் இறந்தன. அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிகளின் முன்னோர் படகில் வந்து சேர்ந்த அந்த எலியை மரபுச் செல்வமாக மதிப்பவர்களும் உண்டு. இந்த வருத்தங்களை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்றும் செய்யாமல் இருந்தவனின் கணக்கிலும் பிணங்கள் உண்டு என்பதை பிக் சவுத் கேப் காட்டுகிறது.

எதிர்த்தரப்பின் வலுவான சான்று அதே வளைகுடாவின் ஹவுடுரு தீவு. 1895 முதல் காப்பகம், அனுமதியின்றி யாரும் கால் வைக்க முடியாது. மற்ற எல்லா இடங்களிலும் அழிந்த ஹிஹி அங்கேதான் தப்பியிருந்தது. அந்தப் பூட்டின் பயனை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அதன் விலையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: அங்கே வாழ்ந்த மாவோரி மக்களை 1896-இல் கட்டாயமாக வெளியேற்றினார்கள். அவர்கள் போனார்கள், பூனையும் எலியும் போகவில்லை. பூனையை 1980-இலும் கியோரேவை 2004-இலும் மனிதர்கள் போய்த்தான் ஒழிக்க வேண்டியிருந்தது.

ஆகவே மனிதர் இருக்கலாமா, கூடாதா என்று ஒற்றை வரியில் தீர்ப்புச் சொல்ல முடியாது. இந்த நிலத்தில் எது தொலைந்தது, எது புதிதாக நுழைந்தது, திருத்தும் வேலைக்கு யார் அடுத்த வாரமும் அடுத்த ஆண்டும் வருவார்கள் என்று தீவுக்குத் தீவு கேட்க வேண்டும். காடு கெடாத இடத்தில் விலகியிருப்பது சரியான விடையாகலாம். வெட்டி, மேய்த்து, எலியையும் இறக்கிவிட்ட இடத்தில் விலகிக்கொள்வதற்கு அடக்கம் என்று பெயர் வைக்க முடியாது. கெடுத்தவர்கள் நாம், கூலியில்லாமல் திருத்த வேண்டியவர்களும் நாம்தான்.