சேணம் பூட்டிய மீன்

அந்தமானில் கண்ணாடித் தளப் படகில் ஏறுகிறவர்கள் தேடுவதெல்லாம் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீனைத்தான். அதன் பங்காளி ஒன்றும் அங்கே இருக்கிறது. ஆம்பிப்ரியான் எபிப்பியம். செம்மஞ்சள் உடம்பு, முதுகிலிருந்து விலாவுக்குச் சேணம்போல் இறங்கும் கருந்திட்டு. குஞ்சாக இருக்கையில் தலையில் தெரியும் வெள்ளைப் பட்டை வளர வளர மறைந்துவிடும். எவ்வளவு வளர்ந்தாலும் 14 சென்டிமீட்டர்தான். அந்தமான் கடலையும் அதையொட்டிய தாய்லாந்து, மலேசியா, சுமத்திரா, ஜாவா கரைகளையும் விட்டால் வேறெங்கும் பெரிதாகக் கிடையாது. அதனாலேயே எனக்கு இதன்மேல் தனிப் பாசம்.

பளிங்குபோன்ற தண்ணீர் இதற்குத் தேவையில்லை. அலை அடங்கிய விரிகுடா, வண்டல் கலந்த கரையோரம், 2 முதல் 15 மீட்டர் ஆழம் போதும். நாம் படகுத்துறை கட்டுவதும் கழிவுநீரை விடுவதும் அதே ஓரத்தில்தான்.

இதற்கு வேண்டியது ஒன்றே ஒன்று, பாறையில் ஒட்டி வாழும் பூப்போன்ற உயிரினமான கடல் சாமந்தி. அதிலும் இரண்டே வகைகளைத்தான் தன் வீடாக ஏற்கும். மற்ற மீன்களைக் கொட்டும் அதன் கைகள், உடம்பில் பூசிய வழவழப்பால் இதைக் கொட்டுவதில்லை. வீட்டில் பெரியவள் பெண்; அவள் இறந்தால் துணை ஆணே பெண்ணாக மாறும். சாமந்தியின் அடியில் பாறையில் ஒட்டிய முட்டைகளுக்கு ஆண் காவல், துடுப்பால் ஓயாமல் விசிறிக்கொண்டே. ஏறக்குறைய ஒரு வாரத்தில், இருட்டிய பிறகு பொரிக்கும். குஞ்சுகள் பத்து நாள்போல் கடலில் மிதந்துவிட்டு, ஒரு சாமந்தியைக் கண்டுபிடித்தாக வேண்டும். கிடைக்காதவை பிற மீன்களுக்கு இரை.

2010 கோடையில் அந்தமான் கடல் சூடேறிப் பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. பவளத்தைப்போல் சாமந்தியும் தன் திசுவில் குடியிருக்கும் பாசியை இழந்தால் வெளுக்கும். பசிபிக்கில் மூரியா தீவில் 2016-இல் சாமந்திகள் வெளுத்தபோது, அங்கிருந்த கோமாளி மீன்களின் இனப்பெருக்கம் 73 விழுக்காடு சரிந்தது. அந்தமானின் வண்டூரில் 1983-இல் அமைந்த மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்கா வலையைத் தடுக்கலாம். சூட்டைத் தடுக்க அதனால் ஆகாது.

நம்மால் ஆவதும் உண்டு. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைத்துவிட்டன. எதிரியில்லாத தொட்டியில் அவற்றுக்குச் சாமந்தியே வேண்டாம். அலங்கார மீன் வாங்குகிறவர்கள் பண்ணைக் குஞ்சைக் கேட்டு வாங்கட்டும். பல பத்தாண்டுகள் வாழக்கூடிய சாமந்தியைத் தொட்டிக்காகப் பாறையிலிருந்து பெயர்க்கக் காரணமே இருக்காது.