மருந்து வந்துவிட்டது, நம் பிள்ளைகள் எப்போது வருவார்கள்?

கண் மஞ்சளானால்தான் ஈரலில் கோளாறு, கீழாநெல்லி அரைத்துக் குடித்தால் தீரும் என்பது தோட்டத்துப் பெரியவர்களின் கணக்கு. ஹெபடைடிஸ் சி என்ற நோயிடம் இந்தக் கணக்கு செல்லாது. பெரும்பாலோருக்குக் கண் மஞ்சளாவதே இல்லை. மரம் சீவி, செம்பனைக் குலை வெட்டி, இருபது வருஷம் நன்றாக நடமாடுகிறவனின் ஈரல் உள்ளுக்குள் சுருங்கிக்கொண்டே இருக்கலாம். வயிறு வீங்கிப் படுத்த பிறகுதான் வீட்டுக்குத் தெரிகிறது.

இது இரத்தத்தால் பரவும் நோய். ஒரே தட்டில் சாப்பிட்டால் ஒட்டாது. கொசு கடித்தும் வராது. நம் நாட்டில் இது அதிகம் பரவியது போதை ஊசி போடுகிறவர்களிடம்தான். ஒரே ஊசியை நாலு பேர் மாற்றிக் குத்திக்கொள்கிறார்கள். ஊசி தனியாக இருந்தாலும், ஹெரோயின் கரைக்கும் கரண்டியும் தண்ணீரும் வடிகட்டும் பஞ்சும் பொதுவாக இருந்தால் போதும், நோய் வந்துவிடும். ஊசிக்குழலில் தங்கிய இரத்தத்தில் இந்தக் கிருமி வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். ஒரே ஊசியால் பலருக்குப் பச்சை குத்துவதும், பிறர் சவரக்கத்தியை எடுத்துக்கொள்வதும் ஆபத்துதான்.

ஆனால் இதைப் போதைக்காரன் நோய் என்று ஒதுக்க முடியுமா? கிருமியைக் கண்டுபிடித்ததே 1989இல்தான். அதற்கு முன்பு பிரசவத்திலோ விபத்திலோ இரத்தம் ஏற்றிக்கொண்ட நம் தாய்மார்களும் சோதித்துக்கொள்ள வேண்டியவர்களே.

பழைய ஊசியை வாங்கிக்கொண்டு புது ஊசி கொடுக்கும் திட்டம் 2006இல் முதலில் தொடங்கிய மூன்று இடங்களில் நம் பினாங்கும் ஒன்று. “கெட்டுப்போனவனுக்கு ஊசி வேறயா?” என்று கேட்பவர்கள் உண்டு. நாம் அந்தப் பக்கம் இல்லை. திருந்தும் நாள் வரை அவன் உயிரோடு இருக்க வேண்டாமா?

மருந்து விஷயத்தில் அரசாங்கம் துணிந்து காரியம் செய்தது. சோபோஸ்புவிர் மாத்திரை 2013இல் அமெரிக்காவில் ஒன்று ஆயிரம் டாலர்! 2017இல் மலேசியா தன் காப்புரிமைச் சட்டத்தைப் பயன்படுத்தி, கம்பெனியின் சம்மதத்துக்குக் காத்திராமல், மலிவான மருந்துக்கு வழி திறந்தது. 2018 மார்ச்சில் அரசு மருத்துவமனைகளில் இலவசச் சிகிச்சை தொடங்கியது. அதே ஆண்டு வெளிவந்த முடிவின்படி, மலேசியாவிலும் தாய்லாந்திலும் 300 பேரிடம் சோபோஸ்புவிரோடு ரவிடாஸ்விர் சேர்த்துக் கொடுத்துப் பார்த்ததில் 97 விழுக்காட்டினர் குணமடைந்தார்கள். பலருக்கு 12 வாரச் சிகிச்சையே போதுமாக இருந்தது.

இத்தனை இருந்தும் போக வேண்டியவன் போவதில்லை. அவனுக்குப் போலீஸ் பயம், அப்பாவுக்கு மானம், அக்கா கல்யாணம் கெடும் என்று அம்மாவுக்குக் கவலை. லயத்திலிருந்து பிறைக்கும் பட்டர்வொர்த்துக்கும் அடுக்குமாடி வீடு தேடிப் போன குடும்பங்களிலும் இதே கதைதான். மூடி வைக்க வைக்க அந்த ஊசி இன்னொருவன் கைக்குப் போகிறது.

கிளினிக்குக்குப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் சோதனை, கிருமி எப்போதாவது உடம்புக்குள் வந்ததா என்று மட்டும் காட்டும். இன்னும் இருக்கிறதா என்று சொல்வது இரண்டாவது சோதனை. அதையும் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். சம்சு குடிப்பவர்களுக்கு ஈரல் இன்னும் சீக்கிரம் கெடும் என்பதால், அவர்கள் தள்ளிப்போடவே கூடாது. குணமானவரும் மறுபடி பொது ஊசியைத் தொட்டால் நோய் திரும்ப வரும்; இதற்குத் தடுப்பூசி கிடையாது.