நிற்கும் டிராக்டர், தீரும் பேட்டரி

கேள்வி: ‘‘சம்பா நடவு உழவு முடிந்ததும் டிராக்டரைக் கொட்டகையில் நிறுத்திவிடுகிறோம். தை அறுவடைக்கு எடுத்தால் ஸ்டார்ட் ஆவதில்லை. இரண்டு வருடத்தில் இரண்டு பேட்டரி மாற்றிவிட்டோம். என்ன செய்வது?’’
- வாசகர், ஒரகடம்.

பதில்: சும்மா கிடக்கும் பேட்டரியும் தானாகவே சார்ஜ் இழக்கும். மாதக்கணக்கில் அப்படியே விட்டால் ஈயத் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய பலம் வராது.

வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைப்பது பலரது வழக்கம். அதில் பெரிய பயன் இல்லை. ஸ்டார்ட்டர் இழுத்த மின்சாரமே சரிவரத் திரும்பாது.

நிறுத்தும்போதே முழு சார்ஜ் ஏற்றி, ஒயர்களைக் கழற்றிவிடுங்கள். மைனஸை முதலில் கழற்ற வேண்டும். மாட்டும்போது அதுதான் கடைசி. தகடுகள் மூழ்கும் அளவுக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள். போர் தண்ணீரோ ஆசிட்டோ கூடாது. மாதம் ஒருமுறை மல்டிமீட்டரில் பாருங்கள். 12.6 வோல்ட் இருந்தால் நல்லது, 12.4-க்குக் கீழே போனால் சார்ஜ் ஏற்றுங்கள். கடையில் கொடுத்தால், அவசர சார்ஜ் வேண்டாம், மெதுவாக ஏற்றச் சொல்லுங்கள்.

பனி நாடுகளில் குளிர்காலம் முழுக்க நிறுத்திவைக்கும் ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு, தானாகக் கட்டுப்படும் சிறிய சார்ஜரை மாட்டியே வைப்பார்கள். அடிக்கடி மின்வெட்டு இல்லாத வீடுகளில் நீங்களும் அதைப் பயன்படுத்தலாம். ஆனால் வைக்கோல் போருக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். சார்ஜ் ஏறும்போது வெளிவரும் ஹைட்ரஜன் வாயு, ஒரு பீடி நெருப்பிலேயே வெடிக்கும்.