வினாடி வினாவும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

ஜூலை 15-ஆம் நாள் காமராசர் பிறந்த நாளில் தொடங்கி, பிப்ரவரி 28-ஆம் நாள் தேசிய அறிவியல் நாள் வரையில் நம் நடுநிலைப் பள்ளிகளுக்குப் போட்டிகளின் பருவமாகும். ஆகஸ்டு 7-இல் கைத்தறி நாள், அடுத்து சுதந்திர நாள், நவம்பர் 14-இல் குழந்தைகள் நாள், அன்றே தொடங்கும் கூட்டுறவு வாரம் என்று ஒன்றன்பின் ஒன்றாக நாட்கள் வருகின்றன. ஒவ்வொன்றையும் ஒட்டிப் பேச்சு, கட்டுரை, ஓவியப் போட்டிகள் நடைபெறுகின்றன. இவற்றுள் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகள் பெரிதும் விரும்புவது வினாடி வினா. பள்ளியில் வென்றால் ஒன்றியம், ஒன்றியத்தில் வென்றால் மாவட்டம் என்று அது படிப்படியாக மேலே செல்லும். நம் அங்கத்தினர் பலருடைய பிள்ளைகள் இதில் கலந்துகொள்வதால், இதனைப் பற்றிச் சில வார்த்தைகள் கூறுவது நம் கடமை எனக் கருதுகிறோம்.

வினாடி வினாவால் விளையும் நன்மையை நாம் குறைத்துக் கூறப்போவதில்லை. பாடப் புத்தகத்துக்கு வெளியேயும் உலகம் இருக்கிறது என்பதை அது பிள்ளைகளுக்குக் காட்டுகிறது. தோழர்களோடு கலந்து பேசி ஒரே விடைக்கு வரும் பழக்கத்தைத் தருகிறது. சபையில் எழுந்து நின்று வாய் திறக்கும் துணிவையும் அளிக்கிறது. இவ்வகைப் போட்டி அமெரிக்க வானொலியில் கல்லூரி மாணவர்களுக்கென 1953-இலும், இங்கிலாந்துத் தொலைக்காட்சியில் 1962-இலும் தொடங்கிற்று. நம் நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளிடையே இதனைப் பரப்பிய போர்ன்விட்டா போட்டி 1972-இல் தொடங்கியது. இன்று சிற்றூர்ப் பள்ளியிலும் மேசையும் மணியும் வைத்து இதனை நடத்துகிறார்கள் என்றால், அது மகிழத்தக்கதே.

ஆயினும், சென்ற பருவத்தில் பார்வையாளராகச் சென்றிருந்த ஒரு போட்டியில் நாம் கண்ட காட்சி நம் மனத்தை விட்டு அகலவில்லை. இறுதிச் சுற்றில் ஒரு வினா எழுந்தது: ‘கணக்கிடும் பொறிக்குத் துளையிட்ட அட்டைகளைப் பயன்படுத்தலாம் என்ற எண்ணத்தைச் சார்லஸ் பாபேஜ் எந்தத் தொழிலிலிருந்து பெற்றார்?’ முதல் அணியில் நம் அங்கத்தினர் ஒருவரின் மகன் இருந்தான். ஏழாம் வகுப்பு மாணவன். அவன் விழித்தான், நேரம் கடந்தது, வினா அடுத்த அணிக்குச் சென்றது. நகரத்துப் பள்ளியொன்றைச் சேர்ந்த சிறுமி, ‘நெசவு’ என்று தயக்கமின்றி விடையளித்தாள். அச்சிட்ட பொது அறிவு நூலொன்றில் அவள் அதனைப் படித்திருந்தாள். பின்னர் நாம் அவளைப் பாராட்டி, தறியைப் பார்த்திருக்கிறாயா என்று வினவியபோது, இல்லை என்றாள்.

விடை தெரியாத அந்தச் சிறுவனின் வீட்டிலோ தறியும் உண்டு. தறிக்கு மேல் ஜக்கார்டு பெட்டியும் உண்டு. 1804-ஆம் ஆண்டில் ஜக்கார்டு என்ற பிரெஞ்சுக்காரர் உருவாக்கிய முறையில், அட்டையில் துளை உள்ள இடத்தில் ஊசி புகுந்து குறித்த பாவு இழை எழும். துளை இல்லாத இடத்தில் எழாது. ‘எழு, எழாதே’ என்ற இந்த இரண்டே கட்டளைகளால் முந்தானையில் மயிலும் மாங்காயும் விளைகின்றன. இந்த அட்டைகளைக் கண்டே பாபேஜ் தம் பொறியைத் திட்டமிட்டார். அந்தச் சிறுவன் அட்டைகளைக் கோத்துக் கட்டத் தன் தந்தைக்கு உதவி செய்தவன். விடை அவன் தலைக்கு மேலேயே நாள்தோறும் தொங்கிக்கொண்டிருந்தது. அதுதான் விடை என்று அவனுக்குச் சொல்வார் இல்லை. போட்டி முடிந்து வெளியே வந்தபோது அவன் தந்தையிடம், ‘நம்ம வீட்டு அட்டையைத்தானாப்பா கேட்டாங்க?’ என்றான். தந்தை மறுமொழி கூறவில்லை. ‘எனக்கே இன்றைக்குத்தான் தெரியும்’ என்று அவர் பின்னர் நம்மிடம் கூறினார்.

அங்கத்தினர்களே, இதில் குற்றம் யாருடையது? வினா நல்ல வினா. விடை சொன்ன சிறுமி தன் உழைப்பால் வென்றவள். நம் சிறுவனும் அறிவிற் குறைந்தவன் அல்லன். அவளுக்கு இருந்து அவனுக்கு இல்லாதவை மூன்று: படிக்க ஒரு புத்தகம், சொல்லித்தர ஒருவர், ஓய்வான ஒரு மாலைப்பொழுது. இம்மூன்றும் இல்லாத பிள்ளைகளையும் இருக்கும் பிள்ளைகளையும் ஒரே மேசையில் அமர்த்தி மணியடித்தால், அந்தப் போட்டி அறிவை அளப்பதைவிட வசதியையே பெரிதும் அளக்கும். தோற்ற பிள்ளையோ, தனக்கு வசதி குறைவு என்று எண்ணுவதில்லை; தனக்கு அறிவு குறைவு என்றே எண்ணிக்கொண்டு வீடு திரும்புகிறது. நாம் அஞ்சுவது பரிசு போனதற்காக அன்று. இந்த எண்ணம் பிள்ளையின் மனத்தில் வேரூன்றிவிடுமே என்பதற்காகத்தான்.

மாலைப்பொழுதைப் பற்றி நம்மவர்களிடம் ஒளிவின்றிப் பேச வேண்டியிருக்கிறது. பள்ளி விட்டு வரும் பிள்ளையைத் தார் சுற்ற உட்காரவைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. மாவட்டப் போட்டிக்குத் தேர்வான பெண்ணை, ‘வெளியூருக்கு யார் அழைத்துச் செல்வது? பாவு முடியவேண்டும்’ என்று நிறுத்திவிட்ட வீட்டையும் நாம் அறிவோம். களையெடுப்புக் காலத்திலும் கடலை பிடுங்கும் காலத்திலும் வேளாண் குடும்பங்களில் நடப்பதும் இதுவே. கூலிக்கு ஆள் வைக்க வழியில்லாத வறுமையை நாம் அறியாதவர்கள் அல்லர். ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் மாலைப்பொழுது தறிக்கோ வயலுக்கோ உரியதன்று. அதனை எடுத்துக்கொண்டால், நாளைய கூலியைத்தான் இன்றே செலவழிக்கிறோம்.

‘வினாடி வினா சோறு போடுமா?’ என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு கணக்கைக் காட்டுவோம். குறைந்த வருவாயுள்ள குடும்பத்துப் பிள்ளைகளுக்காக 2008-இல் மத்திய அரசு ஒரு திறனறித் தேர்வுத் திட்டத்தைக் கொண்டுவந்தது. எட்டாம் வகுப்பில் எழுதப்படும் இத்தேர்வில் மனத்திறனுக்கு 90 வினாக்கள், பாட அறிவுக்கு 90 வினாக்கள். தேறுவோருக்கு ஒன்பதாம் வகுப்பு முதல் நான்கு ஆண்டுகளுக்கு வழங்கும் உதவித்தொகை 2017-இல் ஆண்டுக்கு 12,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. நான்கு ஆண்டுகளுக்கு 48,000 ரூபாய். இது ஏழைக் குடும்பத்துக்குச் சிறு தொகை அன்று. ஆறாம் வகுப்பிலிருந்தே படித்தும் கேட்டும் விடை தேடியும் பழகிய பிள்ளைக்கு இத்தேர்வு எளிதாகும். ஆயினும் பணத்தை மட்டும் காட்டி நாம் வாதிடவில்லை. இன்று ‘ஏன்?’ என்று கேட்கப் பழகும் பிள்ளையே நாளைச் சங்கத்தின் பேரவையில் எழுந்து வரவு செலவுக் கணக்கைப் படித்துக் கேள்வி கேட்கும் அங்கத்தினராகும். கேள்வி கேட்கத் தெரியாத அங்கத்தினர்களைக் கொண்ட சங்கம் எத்தனை நாள் நேர்மையாக நடக்கும்?

நம் இயக்கத்தின் முன்னோர் இதனை நன்குணர்ந்திருந்தனர். 1844 டிசம்பர் 21-ஆம் நாள் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 பேர் கூடித் தங்கள் கூட்டுறவுக் கடையைத் திறந்தனர். அவர்களில் நெசவாளர் பலர். அன்று அவர்களிடம் விற்பனைக்கு இருந்தவை மாவு, சர்க்கரை, வெண்ணெய் போன்ற சில பண்டங்களே. ஆயினும் சில ஆண்டுகளுக்குள் அவர்கள் அங்கத்தினர்களுக்கென வாசகசாலை அமைத்தார்கள். பின்னர், உபரியில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கைக் கல்விக்கென ஒதுக்குவது என்று விதி செய்தார்கள். அவ்வழியில் வந்த உலகக் கூட்டுறவுக் கொள்கைகள் ஏழனுள் ஐந்தாவது இன்றும் கல்வியைப் பற்றியதே. நம் சங்கங்கள் பலவற்றின் துணைவிதிகளிலும் நிகர லாபத்தில் ஒரு பகுதியைப் பொது நன்மைக்குச் செலவிட இடமிருக்கிறது. இருந்தும், அத்தொகை மேசை நாற்காலிக்கும் மாலை மரியாதைக்கும் போவதையே அதிகம் காண்கிறோம்.

ஆகவே நாம் நிர்வாகக் குழுக்களின் முன் மூன்று யோசனைகளை வைக்கிறோம். முதலாவது: சங்க அலுவலகத்தில் ஓர் அலமாரி. பொது அறிவு நூல்கள், அறிவியல் நூல்கள், ஒரு நிலப்படம், நாள்தோறும் ஒரு செய்தித்தாள், இவ்வளவு போதும். இரண்டாவது: போட்டிப் பருவத்தில் வாரம் இரு மாலைகள், ஒரு மணி நேரம். படித்த இளைஞர் ஒருவரும், அனுபவமுள்ள முதியவர் ஒருவரும் பிள்ளைகளோடு அமர வேண்டும். அந்நேரத்தில் எந்த வீட்டுப் பிள்ளையையும் வேலைக்கு அழைப்பதில்லை என்று அங்கத்தினர்கள் தமக்குள் உறுதி செய்துகொள்ள வேண்டும். மூன்றாவது: வெளியூர்ப் போட்டிக்குத் தேர்வான பிள்ளைக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் பேருந்துக் கட்டணமும் உணவும். பெண் பிள்ளைகளுக்கு உடன் செல்லச் சங்கமே ஒரு பெண் அங்கத்தினரை ஏற்பாடு செய்யுமானால், வீட்டாருடைய தயக்கம் பெரிதும் நீங்கும்.

இவற்றோடு, கூட்டுறவு வாரத்தில் ஒவ்வொரு சங்கமும் தானே ஒரு போட்டி நடத்தலாம். அதில் பாதி வினாக்கள் உலகத்தைப் பற்றியனவாகவும், பாதி நம் தறியையும் வயலையும் பற்றியனவாகவும் இருக்கட்டும். 40-ஆம் நம்பர் நூல் என்றால் என்ன? ஒரு பவுண்டு எடையில் 840 கெஜச் சிட்டங்கள் நாற்பது அடங்கும் என்பதே பொருள். அதாவது 33,600 கெஜம். நீட்டிப் பிடித்தால் 19 மைலுக்கு மேல் செல்லும்! கயிற்றை இழுத்தால் தானே பாயும் நாடாவைக் கண்டவர் யார்? 1733-இல் ஜான் கே. நிலக்கடலை வேரில் காணும் முடிச்சுகள் எதற்கு? அவற்றினுள் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உணவாக்குகின்றன. கரும்பு இனங்களின் பெயருக்கு முன் ‘கோ’ என்ற எழுத்து ஏன்? 1912-இல் கோயம்புத்தூரில் அமைந்த கரும்பு இனப்பெருக்க நிலையத்தால் அப்பெயர் வந்தது. பத்துப் பங்கு வைத்திருப்பவருக்கும் ஒரு பங்கு வைத்திருப்பவருக்கும் சங்கத்தில் ஒரே வாக்கு ஏன்? இக்கடைசி வினாவுக்குப் பெரியவர்களே விடை சொல்லிப் பார்க்கட்டும்!

பிள்ளைகளைத் தறிக்கும் ஏருக்கும் கட்டிப்போடும் எண்ணத்தில் இதனைக் கூறுகிறோம் என்று யாரும் கருத வேண்டாம். அவர்கள் எந்தத் தொழிலுக்குச் சென்றாலும் செல்லட்டும். ஆனால் தம் வீட்டில் உள்ளதும் அறிவே, தம் தாய் தந்தையர் கைகளில் இருப்பதும் கணக்கும் அறிவியலுமே என்று தெரிந்துகொண்டு செல்லட்டும்.

எச்சரிக்கையாகவும் ஒன்றைச் சொல்லவேண்டும். பரிசே குறியாகிவிட்டால் போட்டி கெடும். அமெரிக்காவில் பெரும் பணம் பரிசாகத் தந்த தொலைக்காட்சி வினா நிகழ்ச்சி ஒன்றில் நாடெங்கும் புகழ்பெற்ற சார்லஸ் வான் டோரன் என்ற கல்லூரி ஆசிரியர், வினாவும் விடையும் தமக்கு முன்னரே தரப்பட்டன என்று 1959 நவம்பரில் அந்நாட்டு நாடாளுமன்றக் குழுவின் முன் ஒப்புக்கொண்டார். படித்தவருக்கே இக்கதி என்றால், பொருள் விளங்காத விடைகளைப் பிள்ளைகளின் நாவில் ஏற்றி மேடைக்கு அனுப்பும் பெரியவர்கள் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். தோற்று வரும் பிள்ளையை, ‘உன்னால் மானம் போயிற்று’ என்று கடிந்துகொள்ளவும் வேண்டாம். இன்று தெரியாத விடையைப் பிள்ளை இன்றிரவே தெரிந்துகொள்ளுமானால், அந்தப் போட்டி வீண் போகவில்லை.

முன்னர்க் கூறிய சிறுவனைப் பற்றி ஒரு சொல். அடுத்த வாரம் அவன் தன் வகுப்புத் தோழர்கள் சிலரை வீட்டுக்கு அழைத்துவந்தானாம். அட்டைகளைத் தொட்டுக் காட்டி, எந்தத் துளைக்கு எந்த இழை எழும் என்று அவன் விளக்க, தந்தை மிதியை மெல்ல அழுத்திக் காட்டினாராம். அவ்வீட்டில் அன்று சிறிது நேரம் நெசவு நின்றது. அது நட்டம் என்று நாம் கருதவில்லை.

அடுத்த பருவம் தொடங்குமுன் நம் சங்கங்கள் முதலில் ஓர் அலமாரியை வாங்கி வைக்கட்டும். வரும் நிர்வாகக் குழுக் கூட்டத்திலேயே இதற்குத் தீர்மானம் நிறைவேறும் என எதிர்பார்க்கிறோம்.