டிரம் துருப்பிடிச்சா கோபர் கேஸ் செத்துப்போச்சுன்னு அர்த்தமில்லை

நம்ம பக்கத்துத் தோட்டங்கள் பலவற்றில் கட்டுத்தரைக்குப் பின்னால் ஓர் இரும்பு டிரம் கிடக்கிறது. துருவேறி, ஓட்டை விழுந்து, சுற்றிலும் பார்த்தீனியம் முளைத்துக் கிடக்கும். கேட்டால், "அது அப்பா காலத்துக் கோபர் கேஸுங்க. செத்துப் போச்சுங்க" என்பார்கள். அடுத்த பேச்சு சிலிண்டர் விலையைப் பற்றித்தான் இருக்கும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செத்தது டிரம்தான், கோபர் கேஸ் சாகவில்லை. மாடு சாணி போடுவதை நிறுத்திவிடவில்லை, சாணியில் இருக்கும் நுண்ணுயிரும் வேலையை விடவில்லை. மண்ணுக்கு மேலே நிற்கும் இரும்பைத் தூக்கிவிட்டு, மண்ணுக்குள்ளே செங்கல் குவிமாடமாகக் கட்டிக்கொள்வதுதான் இயற்கை விவசாயிக்குச் சரியான வழி. ஆனால் அதில் காசை எங்கே போடுவது என்பதைத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும்.

வங்கி வேலையில் இருந்த காலத்தில் கிராமக் கிளைகளில் சாண எரிவாயுக் கடன்களை ஆய்வு செய்யப் போவேன். 1981-82இல் மத்திய அரசின் தேசியத் திட்டம் வந்த பிறகு இந்தக் கடன்கள் நிறையக் கொடுக்கப்பட்டன. படிவத்தில் கேட்பது, கலன் இருக்கிறதா, டிரம் இருக்கிறதா என்றுதான். டிரம் கண்ணுக்குத் தெரியும், தட்டிப் பார்க்கலாம், போட்டோ எடுக்கலாம். அடுப்பு எரிகிறதா, சாணிக் கரைசல் காட்டுக்குப் போகிறதா என்று கேட்கிற படிவத்தை நான் பார்த்ததே இல்லை. கண்ணுக்குத் தெரிகிற பொருளுக்குத்தான் மதிப்பு என்ற அந்தப் பழக்கம் நம்ம ஆட்களிடமும் ஒட்டிக்கொண்டது. டிரம் போனதும் எல்லாமே போய்விட்டதாக நினைத்துவிட்டோம்.

காதி கிராமத் தொழில் ஆணையம் பரப்பிய மாதிரியில், கிணறு போன்ற தொட்டிக்கு மேலே இரும்பு டிரம் கவிழ்ந்து மிதக்கும். கேஸ் சேரச் சேர மேலே ஏறும், எரிக்க எரிக்க இறங்கும். நல்ல ஏற்பாடுதான். டிரம்மின் எடை எப்போதும் ஒரே மாதிரி அழுத்துவதால் அடுப்பு சீராக எரியும். எவ்வளவு கேஸ் இருக்கிறது என்று வீட்டுப் பெண்கள் சமையலறை ஜன்னலில் இருந்தே பார்த்துச் சொல்லிவிடுவார்கள். குறை இரும்பில்தான் இருக்கிறது. உள்ளே ஈரம், அதோடு சாண வாயுவில் கொஞ்சம் ஹைட்ரஜன் சல்பைடு. வெளியே வெயிலும் மழையும். வருஷம் தவறாமல் சுரண்டி பெயிண்ட் அடிக்காவிட்டால் துரு தின்றுவிடும். எங்கள் தோட்டத்தில் அப்பா 1988இல் போட்ட டிரம்முக்கு இரண்டு முறை ஒட்டுப் போட்டோம். மூன்றாவது ஓட்டை விழுந்தபோது பட்டறைக்காரரே, "தகடு காகிதமாட்ட இருக்குதுங்க, வெல்டிங் நிக்காதுங்க" என்று சொல்லிவிட்டார். வங்கி பாஷையில் சொன்னால், மொத்தச் செலவில் பெரிய பங்கை விழுங்கும் டிரம்தான் சீக்கிரம் தேய்மானம் ஆகிறது.

இதற்கு மாற்று புதுசு ஒன்றுமில்லை. உத்தரப் பிரதேசத்து அஜீத்மல் ஆய்வு நிலையத்தில் இருந்து 1978இல் 'ஜனதா' மாதிரி வந்தது. 1984இல் அஃப்ரோ என்ற தொண்டு நிறுவனம் 'தீனபந்து' மாதிரியைக் கொண்டுவந்தது. ஏழைகளின் உறவினன் என்று பொருள். இதில் இரும்பு டிரம்மே கிடையாது. முழுக்கச் செங்கல், சிமென்ட், மண்ணுக்குள்ளே.

அது வேலை செய்கிற விதம் இதுதான். கேஸ் குவிமாடத்தின் உச்சியில் சேரும்போது உள்ளே இருக்கும் கரைசலைக் கீழே அழுத்தி, வெளித்தொட்டிக்குத் தள்ளும். அடுப்பைத் திறந்தால் வெளித்தொட்டிக் கரைசல் திரும்பி உள்ளே வந்து கேஸை மேலே தள்ளும். அசைகிற பாகம் எதுவும் இல்லை. செங்கல் அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. உள்ளிருந்து கேஸ் தள்ளும்போது மேலே மூடிய மண்ணின் பாரம் எதிர்த்து அமுக்குவதால்தான் குவிமாடம் நிற்கிறது. மண்ணுக்குள் கட்டுவது இடத்தை மிச்சம் பிடிக்க மட்டுமல்ல, அதன் பலமே மண்தான். இன்னொரு லாபமும் உண்டு. மீத்தேன் தரும் நுண்ணுயிருக்கு 35 டிகிரி அளவுச் சூடு பிடிக்கும். மார்கழி ராத்திரியில் இரும்பு டிரம் ஜில்லிட்டுப் போய் கேஸ் குறையும். மண்ணுக்குள் அவ்வளவு ஏற்ற இறக்கம் இருக்காது.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். அழுத்தம் சீராக இருக்காது. காலையில் சுடர் வேகமாக இருக்கும், பிறகு தணியும். வால்வைத் திருகித்தான் சமாளிக்க வேண்டும். கேஸ் அளவு கண்ணுக்குத் தெரியாது. நிலத்தடி நீர் மேலே நிற்கிற இடத்துக்கு இது ஒத்துவராது. விரிந்து சுருங்கும் கரிசலில் தனிக் கவனம் இல்லாமல் கட்டினால் விரிசல் விடும். பாறை நிலத்தில் குழி வெட்டும் கூலியே எகிறிவிடும். அப்படிப்பட்ட இடங்களில் பழைய தொட்டியை வைத்துக்கொண்டு இரும்புக்குப் பதில் ஃபைபர் டிரம் போடுவதே நல்லது. எல்லாருக்கும் ஒரே மருந்து என்று நான் சொல்லவில்லை.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மண்ணுக்கடியில் கட்டும் கலனின் உயிர் கொத்தனார் கையில்தான் இருக்கிறது. வீடு கட்டுகிற நல்ல கொத்தனார் எல்லாரும் இதைக் கட்டிவிட முடியாது. குவிமாடத்தின் உட்பூச்சில் மயிரிழை விரிசல் இருந்தாலும் கேஸ் ராத்திரியோடு ராத்திரியாகப் போய்விடும். தண்ணீர் கசிந்தால் ஈரம் காட்டிக்கொடுக்கும், கேஸ் கசிந்தால் எதுவும் தெரியாது. அடுப்பு எரியவில்லை என்பது மட்டும்தான் தெரியும். "கோபர் கேஸ் நமக்குச் சரிப்படாதுங்க" என்று அப்போதுதான் முடிவு கட்டிவிடுகிறோம். கசிகிற மீத்தேன் கரியமில வாயுவைவிட, 100 ஆண்டுக் கணக்கில், 25 மடங்குக்கு மேல் புவியைச் சூடாக்குவது. ஆகவே அரைகுறையாகக் கட்டுவதைவிடக் கட்டாமல் இருப்பதே மேல்.

அதனால் இரும்பில் மிச்சமாகிற காசைக் கொத்தனாரிடம் போடுங்கள். ஏற்கெனவே கட்டி, ஓடிக்கொண்டிருக்கிற கலன் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். அந்த வீட்டு அம்மாவிடம் அடுப்பு எரிகிறதா என்று கேளுங்கள். முதல் தரச் செங்கலை ஊறப்போட்டுத்தான் கட்ட வேண்டும். பூச்சை ஒரே நாளில் அடித்து முடிக்க விடாதீர்கள், அடுக்கடுக்காகத்தான் பூச வேண்டும். ஒரு வாரத்துக்குக் குறையாமல் தண்ணீர் காட்டுங்கள். சாணி கரைப்பதற்கு முன் தண்ணீர் நிரப்பி மட்டம் இறங்குகிறதா என்று பாருங்கள். மண்ணைச் சுற்றிலும் சமமாகத் தள்ளிக் கெட்டிக்க வேண்டும். குழாய் இணைப்பைச் சோப்புத் தண்ணீரால் மட்டுமே சோதியுங்கள், தீக்குச்சியால் வேண்டாம். முதலில் வரும் கேஸில் காற்று கலந்திருக்கும், அதைப் பற்றவைக்காமல் வெளியே விட்டுவிடுங்கள். மேலே மரம் வைக்காதீர்கள், டிராக்டர் ஏற்றாதீர்கள்.

பழைய டிரம்மை இறக்குவதில்தான் உயிர் ஆபத்து. கிரேனோ ஆளோ வைத்துத் தூக்குவதற்கு முன்பே வால்வைத் திறந்து கேஸை விட்டுவிடுங்கள். பக்கத்தில் பீடி, தீ எதுவும் கூடாது. தூக்கின டிரம்மை உடனே கேஸ் வைத்து வெட்டவும் கூடாது. தொட்டிக்குள் எந்தக் காரணத்துக்காகவும் ஆளை இறக்காதீர்கள். உள்ளே பிராணவாயு இருக்காது, நச்சுவாயு தங்கியிருக்கும். ஒருவர் மயங்கினால் காப்பாற்றப் போகிறவரும் சேர்ந்து விழுவார். கரைசலை மேலிருந்தே மோட்டார் வைத்து இறைத்துவிடலாம். நான் புதுக் கலனைப் பக்கத்தில் தனியாகக் கட்டினேன். பழைய குழி கெட்டியான மூடியோடு இப்போது கரைசல் சேமிக்கும் தொட்டியாக இருக்கிறது. மூடாத குழியில் கன்றுக்குட்டியும் விழும், குழந்தையும் விழும்.

"சாணியை எரிச்சுட்டா மண்ணுக்கு என்ன மிஞ்சும்?" என்று நம் இயக்க நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. கேஸாகப் போவது பெரும்பாலும் கரியும் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும்தான். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து எல்லாம் கரைசலிலேயே தங்கிவிடும். வெயிலில் காயும் குப்பைக்குழியில்தான் தழைச்சத்து காற்றில் பறக்கிறது. ஜீவாமிர்தத்துக்கு ஏக்கருக்கு 10 கிலோ பச்சைச் சாணி போதும், அதைத் தனியாக எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். மீதி கலன் வழியாகப் போகட்டும். வெளியே வரும் கரைசலைப் பாசனத் தண்ணீரோடு விடலாம், மக்குக்குழியில் சருகோடு சேர்க்கலாம். என்னைக் கேட்டால் நமக்கு முதல் வருமானம் கரைசல்தான், கேஸ் அதன் வட்டி.

வட்டியையும் கணக்குப் போட்டுவிடுவோம். 2 கன மீட்டர் கலனுக்கு நாளைக்கு 50 கிலோ சாணி வேண்டும், கட்டிப் போட்டு வளர்க்கும் நாலைந்து மாடு இருந்தால் கிடைக்கும். சாணிக்குச் சமமாகத் தண்ணீர். ஒரு கன மீட்டர் சாண வாயு ஏறக்குறைய 0.43 கிலோ சிலிண்டர் கேஸுக்குச் சமம். ஒழுங்காக ஓடினால் மாதம் 25 கிலோவுக்கு மேல் வரும். நடைமுறையில் பாதிதான் கிடைக்கிறது என்று வைத்தாலும், 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று கிட்டத்தட்ட மிச்சம். இரண்டு மாடு மட்டும் வைத்திருப்பவர் 2 கன மீட்டர் கலன் கட்டக் கூடாது. அது பட்டினி கிடக்கும். சாணிக்கு ஏற்ற கலனைத்தான் கட்ட வேண்டும், மானியத்துக்கு ஏற்றதை அல்ல.

கடைசியாக இயக்கத்துக்கு ஒரு கோரிக்கை. விதைத் திருவிழா நடத்துகிறோம், மாட்டுச் சந்தைக்காகப் போராடுகிறோம். மாவட்டத்துக்குப் பத்துக் கொத்தனார்களை இந்த வேலையில் பழக்க நாம் ஏன் முயலக் கூடாது? அரசிடம் கேட்கும்போது புதுக் கலன் எண்ணிக்கையை மட்டும் கேட்காமல், நின்றுபோன கலனை மாற்றிக் கட்டவும், கட்டியதை இரண்டு வருஷம் கழித்து வந்து பார்க்கவும் சேர்த்துக் கேட்போம். கை வேலை தெரிந்த ஆள் ஊரில் இருந்தால்தான் மண்ணுக்குள் புதைத்த கலன் உயிரோடு இருக்கும்.