பட்டறையிலும் ஒரு தராசு



சேதராப்பட்டில் வாகனப் பட்டறை ஒன்றில் வேலை செய்யும் 19 வயது மாணவர் ஒருவர், இஷாவுக்குப் பின் நான் நடத்தும் வகுப்புக்கு வருகிறார். ஒருநாள் பாடம் முடிந்த பிறகும் அவர் எழுந்து போகவில்லை. “ஹஜ்ரத், இன்று வாங்கிய கூலி எனக்கு ஹலாலா?” என்று கேட்டார்.

நடந்தது இதுதான். பட்டறைக்குப் பழைய ட்ரயம்ப் ஸ்பிட்ஃபயர் கார் ஒன்று வந்திருக்கிறது. சென்னையில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காரை நம்மில் மூத்தவர்கள் அறிவார்கள். அந்த ஹெரால்டின் அடிச்சட்டத்தைச் சுருக்கி, இங்கிலாந்தில் 1962இல் அறிமுகமான ஸ்போர்ட்ஸ் கார் இது. இதற்கு இரண்டு கார்புரேட்டர்கள். வண்டி நிற்கும்போது எஞ்சின் நடுங்குகிறது என்பது உரிமையாளரின் புகார். மேஸ்திரி ஐடிலிங் ஸ்க்ரூவை மட்டும் முடுக்கி வேகத்தைக் கூட்டச் சொன்னார். நடுக்கம் மறைந்தது. ‘முழு ட்யூனிங்’ என்று பில் எழுதப்பட்டது.

வேலையைப் புரிந்துகொள்ளாமல் பதில் சொல்லக் கூடாது என்பதால், முறையான ட்யூனிங் எப்படி என்று கேட்டேன். முதலில் வால்வு இடைவெளி, பிளக், டைமிங் ஆகியவற்றைச் சரிபார்க்க வேண்டும். கார்புரேட்டரைத் தொடுவது அதற்குப் பிறகுதான். ஒரு ரப்பர் குழாயைக் காதில் வைத்து, இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்கின்றனவா என்று கேட்க வேண்டும். அடுத்து, உள்ளிருக்கும் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக உயர்த்திப் பார்க்க வேண்டும். எஞ்சின் வேகம் கூடி, கூடியபடியே நின்றால் பெட்ரோல் அதிகம். இறங்கி அணைந்தால் குறைவு. சற்றே கூடி உடனே நிதானப்பட்டால் அளவு சரி. பெட்ரோல் முழுமையாக எரிய, எடைக் கணக்கில் அதன் ஒரு பங்குக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். பெட்ரோல் மிகுந்தால் பிளக்கில் கரி படியும், எஞ்சின் ஆயிலும் கெடும். குறைந்தால் சூடு ஏறி வால்வு கருகும்.

அர்ரஹ்மான் அத்தியாயத்தில் வானத்தை உயர்த்தியதைக் குறிப்பிடும் அல்லாஹ், அதனோடு சேர்த்தே தராசையும் குறிப்பிடுகிறான். அந்தத் தராசு மளிகைக் கடைக்கு மட்டும் உரியதன்று என்பதை அன்றிரவு என் மாணவரிடமிருந்து கற்றேன்.

சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது உள்ளே ஈரம் இருந்தது. அதை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்க வேண்டாமா என்று வியாபாரியைக் கண்டித்தார்கள். கூட்டப்பட்ட ஐடிலிங் வேகமும் ஈரத்தை மூடிய காய்ந்த தானியம்தான். “இன்று வேகத்தை மட்டும் கூட்டியிருக்கிறேன், முழு வேலைக்கு இன்னும் நேரமும் பணமும் ஆகும்” என்று உரிமையாளரிடம் சொல்லியிருந்தால் அதில் குற்றமில்லை. செய்யாத வேலைக்குப் பணம் வாங்கியதுதான் குற்றம்.

கூலியைப் பற்றிய தீர்ப்புக்கு அவரை ஒரு முஃப்தியிடம் அனுப்பினேன். மேஸ்திரியிடம் பணிவாகப் பேசுமாறும் சொன்னேன். பேசினார், வேலை போயிற்று. இப்போது வேறொரு பட்டறையில், நாளொன்றுக்கு 100 ரூபாய் குறைந்த கூலிக்குச் செல்கிறார். “உங்கள் பாடத்தால் வீட்டு வருமானம் குறைந்துவிட்டது, ஹஜ்ரத்” என்று அவருடைய தாயார் என்னிடம் சொன்னார். எனக்கு உடனே பதில் வரவில்லை.

இப்போது என் கருத்தை உங்கள் முன் வைக்கிறேன். நேர்மையின் விலையை ஓர் இளைஞர் மட்டும் சுமக்கக் கூடாது. பட்டறையில் நாம் எப்படி நடந்துகொள்கிறோம்? அரை நாள் வேலையைப் பத்து நிமிடத்தில் முடிக்கச் சொல்கிறோம். உண்மையான செலவைச் சொல்பவரை விட்டுவிட்டு, குறைத்துச் சொல்பவரிடம் போகிறோம். ஏமாற்றுவது மேஸ்திரியின் பாவம்தான். ஆனால் அதற்குச் சந்தை அமைத்துக் கொடுப்பதில் நமக்கும் பங்கு இருக்கிறது.

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தபின் புதிய பைக்குகளிலும் கார்புரேட்டர் மறைந்து வருகிறது. பெட்ரோலின் அளவை இனி கணினி பார்த்துக்கொள்ளும். பில்லை எழுதுவது மனிதர்தாம். ஆகவே பெற்றோர்களே, பிள்ளையைத் தொழிலுக்கு அனுப்பும்போது சம்பளத்தை மட்டும் விசாரிக்காதீர்கள். அங்கே எதைக் கற்றுத் தருகிறார்கள் என்றும் விசாரியுங்கள். உண்மையைச் சொல்லும் மெக்கானிக்கைக் கண்டால் பேரம் பேசாமல் கூலியைக் கொடுங்கள். நாலு பேரிடம் அவரைப் பற்றிச் சொல்லுங்கள்.

நம் கைத்தொழிலிலும் நாம் கொடுக்கும் கூலியிலும் அல்லாஹ் நீதியை நிலைபெறச் செய்வானாக. ஆமீன்.