பூட்டை மாற்றுமுன்

தலைவாயிற் கதவின் பூட்டுச் சற்று முரண்டு பிடித்தால், அதனைக் கழற்றியெறிந்துவிட்டுப் புதியதொன்றை வாங்கிப் பொருத்த வேண்டும் என்பதே நம்மிற் பெரும்பாலோரது முதல் எண்ணமாகும். கடைக்காரருக்கு இவ்வெண்ணம் மிகவும் உவப்பானது. ஆயினும், பழுது பூட்டிலேதான் உண்டா என்று பார்ப்போர் சிலரே. கதவு, நிலை, பிணைச்சல், பூட்டு ஆகிய நான்கும் ஒன்றையொன்று சார்ந்தவை. பிணைச்சல் செய்த குற்றத்துக்குப் பூட்டுத் தண்டனை பெறுவது வீடுகளில் அடிக்கடி நிகழ்கின்றது.

இதனை அறிவதற்கு எளிய சோதனையொன்று உண்டு. கதவை அகலத் திறந்துவைத்துக்கொண்டு திறப்பைத் திருப்பிப் பாருங்கள். பூட்டின் நாக்குத் தடையின்றி வெளிவந்து, தடையின்றி உட்செல்லுமாயின் பூட்டிற் குறையில்லை. கதவை மூடியபின் மட்டும் திறப்பு இறுகுகின்றதெனின், நாக்கும் அது புகவேண்டிய துளையும் நேர்ப்படவில்லை என்பதே பொருள். பெரும்பாலும் மேற்பிணைச்சலின் திருகாணிகள் தளர்ந்து, கதவு தன் பாரத்தாற் சிறிது கீழிறங்கியிருக்கும். திருகாணித் துளைகளிற் பசை தடவிய மரச்சிராய்களைச் செருகி, மீண்டும் முடுக்கினால் காரியம் முடிந்தது. மாரிகாலத்தில் மரம் ஈரத்தை உறிஞ்சிப் பருப்பதும் உண்டு. வடக்கிலும் கிழக்கிலும் கார்த்திகை, மார்கழியில் அடம்பிடிக்கும் கதவு பங்குனியில் தானாகவே இணங்கிவிடும். அதனை மழைநாளில் ஆழச் சீவிவிடும் அவசரக்காரர், கோடையில் அந்த இடைவெளியூடாகப் பல்லி வந்துபோவதைக் காண்பர்.

திறந்த கதவிலும் திறப்பு இறுகுமாயின், அப்பொழுதுங்கூட உடனே கடைக்கு ஓடவேண்டியதில்லை. நம் வீடுகளிற் பூட்டுக்குத் தேங்காயெண்ணெய் விடும் வழக்கம் ஒன்றுண்டு. விட்ட அன்று பூட்டு இலகுவாகத் திறக்கும். சில மாதங்களில் எண்ணெய் தூசியைச் சேர்த்துப் பிசினாகிவிடும். அதற்குப் பதிலாகப் பென்சிற் கரியைத் திறப்பின் பற்களில் நன்றாகத் தேய்த்து, உள்ளே விட்டுப் பலமுறை திருப்பலாம். பென்சிலின் கரி காரீயம் அன்று; கிரபைற்று என்னும் கரிப்பொருளே அது. வழுக்குந் தன்மை உடையது, தூசியைப் பிடித்து வைக்காதது.

எனினும், மாற்றியே தீரவேண்டிய வேளைகளும் உள்ளன. குடியிருந்தோர் வீட்டைவிட்டுப் போயினர். திறப்பைத் திருப்பித் தந்தனர். அவர்கள் எத்தனை பிரதிகள் வெட்டுவித்தார்கள் என்பதை யார் அறிவார்? திறப்புக் கிணற்றில் விழுந்ததாயின் கவலையில்லை, கிணறு வந்து கதவைத் திறக்கப்போவதில்லை. விலாசம் எழுதிய அடையாள அட்டையுடன் கைப்பை பேருந்தில் தொலைந்ததாயின், அன்றைக்கே மாற்றிவிடுதல் வேண்டும்.

அப்படி மாற்றும்போதும் முழுப் பூட்டையும் மாற்ற வேண்டுமென்பதில்லை. இதற்குக் காரணத்தை மாணவர்கள் அறிந்திருத்தல் நன்று. இன்று பரவலாக வழங்கும் சிலிண்டர்ப் பூட்டின் கருத்து மிகப் பழையது. பண்டை எகிப்தியர் மரத்தினாலேயே இத்தகைய பூட்டுகளைச் செய்தனர். அமெரிக்கரான லைனஸ் யேல் என்பவர் 1861ஆம் ஆண்டிலும் 1865ஆம் ஆண்டிலும் காப்புரிமை பெற்று, அதனை உள்ளங்கையில் அடங்கும் உலோகக் கருவியாக்கினார். ஓர் உருளையினுள்ளே மற்றோர் உருளை இருக்கின்றது. இரண்டையும் ஊடுருவி ஐந்து அல்லது ஆறு சிறு முளைகள் நிற்கின்றன. ஒவ்வொரு முளையும் வெவ்வேறு உயரத்தில் இரு துண்டாக வெட்டப்பட்டது. உரிய திறப்பு நுழையும்போது, அதன் பற்கள் எல்லா வெட்டுகளையும் ஒரே மட்டத்துக்கு உயர்த்துகின்றன, உள்ளுருளை சுழல்கின்றது. ஒரு முளை தவறினாலும் சுழலாது. ஆகவே, திறப்பை அடையாளங் காண்பது இந்தச் சிலிண்டர் மாத்திரமே. கதவினுள்ளே பதிந்திருக்கும் பெட்டிக்கும் நாக்குக்கும் யார் திருப்பினாலும் ஒன்றுதான். திறப்புத் தொலைந்தவர் சிலிண்டரை மட்டும் மாற்றினாற் போதுமானது; செலவும் குறைவு, கதவில் உளி படவும் வேண்டியதில்லை. தனிச் சிலிண்டர் இல்லாத பழைய நெம்புப் பூட்டாயின் முழுவதையும் மாற்ற நேரிடும். அப்பொழுது திறப்புத் துவாரத்தின் நடுவிலிருந்து கதவின் ஓரம்வரை உள்ள தூரத்தை அளந்து, அதே அளவிற் புதியதை வாங்காவிடில், கதவிற் புதுத் துளையும் பழந்துளைக்கு ஒட்டுமாக வாசல் அலங்கோலப்படும்.

சிலிண்டரை மாற்றுதல் கால் மணி நேர வேலை. அதனைக் காலையிலே தொடங்குங்கள். கடைகள் பூட்டும் வேளையிற் கழற்றிவிட்டு, அளவு பொருந்தாத புதியதைக் கையில் வைத்துக்கொண்டு இரவு முழுவதும் கதவுக்கு முண்டுகொடுத்துக் கிடப்பதில் இன்பமில்லை. கதவின் ஓரத்தில், பூட்டின் முகத்தகட்டிலே, சிலிண்டருக்கு நேராக நீண்ட திருகாணி ஒன்று இருக்கும். அதனைக் கழற்றிவிட்டுத் திறப்பை உட்செலுத்திச் சற்றே திருப்பினால், சிலிண்டரின் நடுவேயுள்ள சிறு பல் உடலோடு ஒன்றி மறையும். அந்நிலையில் மெதுவாக இழுத்தால் வந்துவிடும். வராவிட்டால் சுத்தியலைத் தேடாதீர்கள். திறப்பை இன்னுஞ் சிறிது அப்பாலும் இப்பாலும் அசைத்துப் பாருங்கள். திருகாணித் துளையின் நடுவிலிருந்து இரு முனைகளுக்கும் தனித்தனியே அளத்தல் வேண்டும். இருபுறமும் 30 மில்லிமீற்றராகவும் இருக்கலாம், ஒருபுறம் 30, மறுபுறம் 40 ஆகவும் இருக்கலாம். பழையதையே கடைக்கு எடுத்துச்செல்வது எல்லாவற்றினும் நன்று. புதியது வெளித்தகட்டுக்கு அப்பால் 3 மில்லிமீற்றருக்கு மேல் நீட்டி நிற்றலாகாது. நீட்டி நிற்பதைக் குறடு பற்றிக்கொள்ளும், திருடனுக்கு அதுவே பிடி. பொருத்தியபின் கதவைத் திறந்துவைத்தே, பிரதிகள் உட்பட ஒவ்வொரு திறப்பையும் சோதித்துப் பார்த்துவிட்டுப் பின்னர் மூடுக.

விலையுயர்ந்த பூட்டை வாங்கியோர் பலர் நிலையில் அடித்த தகட்டைக் கவனிப்பதில்லை. உதைக்கும் காலுக்கு எதிர்நிற்பது அத்தகடும் அதன் திருகாணிகளுமே. அரை அங்குலத் திருகாணி இரண்டு அங்கே இருந்தால், அவற்றை அகற்றி 2 அங்குலத்துக்குக் குறையாதவற்றை முடுக்குதல் வேண்டும். முதிரை, பாலை முதலிய வன்மரங்களில் முதலிலே சிறு துளையிட்டு, திருகாணிக்குச் சவர்க்காரம் தடவிக்கொள்க. கடற்கரை வீடுகளில் உப்புக்காற்று இரும்பைத் தின்னுமாதலாற் பித்தளை விரும்பப்படும். பித்தளைத் திருகாணியோ முடுக்கும்போதே தலை முறியும். முதலில் அதே அளவுள்ள உருக்குத் திருகாணியால் வழிசெய்து, அதனைக் கழற்றிவிட்டுப் பித்தளையை விடுவர் கைதேர்ந்த தச்சர்.

இனி, வாங்கும்போது எல்லாவற்றுக்கும் முன்னர் நினைக்க வேண்டியதொன்று உளது. கள்வனை வெளியே நிறுத்தும் பூட்டு, வீட்டாரை உள்ளே அடைத்துவிடலாகாது. இருபுறமும் திறப்பு வேண்டும் சிலிண்டரை வாங்கி, இரவில் உள்ளிருந்து பூட்டி, திறப்பைத் தலையணையின் கீழ் வைத்து உறங்குவோர் பலர். 2022ஆம் ஆண்டில் இந்நாட்டில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்சாரம் தடைப்பட்டிருந்ததை எவரும் மறந்திரார். மெழுகுவர்த்தியும் குப்பிவிளக்கும் எரியும் வீட்டிலே திரைச்சீலையில் தீப்பற்றினால், புகைக்கும் இருளுக்குமிடையே தலையணையைத் தேடுவது யார்? யன்னல்களுக்கெல்லாம் இரும்புக் கம்பி போட்ட நம் வீடுகளிற் கதவைத் தவிர வேறு வழியுமில்லை. ஆகவே, உட்புறத்திற் கைக்குமிழ் உள்ள சிலிண்டரையே கேட்டு வாங்குங்கள். திறப்பின்றி ஒரு திருப்பிலே திறக்கும். வீட்டுப் பாட்டியும் பத்து வயதுப் பிள்ளையும் கண்ணை மூடிக்கொண்டு அதனைத் திறந்து பழகட்டும். கதவருகே கண்ணாடி இருந்து, அதனை உடைத்துக் கைவிடலாமென்ற அச்சம் இருப்பின், இருபுறத் திறப்புள்ளதை வைத்துக்கொண்டு, வெளியிலிருந்து கை எட்டாத, உள்ளிருப்போர் எல்லாரும் அறிந்த ஓர் ஆணியில் ஒரு திறப்பை எப்பொழுதும் தொங்கவிடுதல் வேண்டும். அந்த ஆணி வெறுமையாக இருக்க ஓரிரவும் விடலாகாது.

திறப்புகளை யார் யாரிடம் கொடுப்பது என்பது குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபடும். பூச்சாடியின் கீழ் வைப்பது மட்டும் வேண்டாம். அவ்விடத்தை ஊரே அறியும். நம்பிக்கையான அயல்வீட்டில் ஒன்று இருப்பது, பாடசாலை விட்டு வந்து படியிற் காத்திருக்கும் பிள்ளைக்குப் பேருதவி.

பழைய பூட்டை மாற்றவேண்டுமென்றதும் முகம் வாடும் முதியோர் சில வீடுகளில் இருப்பர். இளையோர் அதனை அறியாமையென்று எண்ணிச் சிரிக்கவேண்டாம். 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆந் திகதி வலிகாமத்திலிருந்து மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்தபோது, கதவைப் பூட்டித் திறப்பை மடியில் முடிந்துகொண்டு நடந்தவர்களின் தலைமுறை அது. திரும்பி வந்தபோது கதவே இல்லாத வீடுகளும் இருந்தன. அத்தகையோரிடம் பழைய திறப்பைப் பறித்துப் பழைய இரும்புக்காரனிடம் போடவேண்டிய அவசரம் யாதுமில்லை. கழற்றிய பூட்டுடன் அதனைச் சேர்த்துக் கட்டிப் பெட்டகத்தில் வைத்துவிடலாம். புதிய திறப்பு வளையத்தில் மாத்திரம் அதனைக் கோத்துவிடாதீர்கள். இருட்டில் முதலிற் கைக்கு அகப்படுவது அதுவாகவே இருக்கும்.